சம்பளம் இல்லாவிட்டாலும் அது வேலைக் கணக்கில் வரும்

கோத்தகிரியிலிருந்து இங்கிலாந்துக்கு மேற்படிப்புக்குப் போகும் தங்கைக்கு, "மகளிர் உரிமை அமைப்பில் சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் சேவைதானே, விசா மணிக்கணக்கில் சேராது" என்று இங்கே ஒரு அண்ணா பதில் எழுதியிருக்கிறார். அதை நம்பிப் போனால் விசாவுக்கே ஆபத்து, அண்ணா.

பட்டப்படிப்பு மாணவர் விசாவில், பல்கலைக்கழகப் பருவ காலத்தில் (term time) வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். சம்பளமில்லாத வேலையும் அதில் அடக்கம். குறித்த நேரத்துக்கு வந்து ஊழியர் செய்யும் வேலையைச் செய்தாக வேண்டும் என்றால் மணி ஓடத் தொடங்கிவிடும். ஒப்பந்தம் எதுவுமின்றி அறக்கட்டளைக்குக் கைகொடுக்கும் தன்னார்வப் பணிதான் சேராது. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. கடையில் 16 மணி, அமைப்பின் ஹெல்ப்லைனில் 6 மணி என்றால் 22 ஆகிவிடும். அடுத்த வாரம் குறைத்துச் சரிக்கட்ட முடியாது. பாடத்திட்டத்தின் அங்கமான பயிற்சிக்கு இந்த வரம்பு இல்லை. தங்கையின் இன்டர்ன்ஷிப் இவற்றில் எதில் சேரும் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

பச்சைத் தேயிலை விலையை நம்பிக் கடன் வாங்கி அனுப்பும் வீடுகள் இங்கே நிறைய. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தங்கை தாராளமாகச் சேரட்டும், நல்ல வேலை அது. அப்புறம், இப்படிப்பட்ட அமைப்புகள் குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்றிதழ் கேட்கக்கூடும். கிளம்பும் முன்பே பாஸ்போர்ட் சேவையில் விண்ணப்பித்து வாங்கிவிடுவது நல்லது.