அழுத்தத்தைப் பார்க்காமல் பம்பை மாத்தச் சொல்லாதேங்கோ!

"அண்ணை, டீசல் பம்ப் முடிஞ்சுது, மாத்தோணும்." டபிள் கப் பிக்கப் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த வசனம் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். மெக்கானிக்மார் பொனற்றைத் திறக்க முதலே சொல்லிவிடுகிறார்கள். பில்ரரைக் கழற்றவில்லை, அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கவில்லை, ஆனால் பம்ப் முடிந்துவிட்டதாம். அந்தப் பம்ப் என்ன விலை போகுது என்று யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் ஒருக்கா விசாரித்துப் பாருங்கள், இரவைக்கு நித்திரை வராது.

என்னுடைய வாகனத்தின் வருத்தம் இதுதான். வெறுமனே ஓடினால் ஒரு பிரச்சினையும் இல்லை. வெங்காயம் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் பளை தாண்டி ஒரு லொறியை முந்துவோம் என்று அமத்தினால் இழுவை செத்துப்போகும், செக் லைற் எரியும். நிறுத்தித் திரும்ப ஸ்ரார்ட் பண்ணினால் பழையபடி ஓடும். ஸ்கானரில் பி0087 என்று பிழைக் கோட் வருகிறது, றெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கிற பொதுக் குழாயில், அழுத்தம் குறைவு. அந்தக் கோட் பம்ப் பழுது என்று எங்கே சொல்கிறது? பில்ரர் அடைத்தாலும் அதுதான் வரும், டீசல் லைன் காற்று இழுத்தாலும் வரும், பம்புக்குள் போகிற டீசலை அளந்து விடுகிற எஸ்சிவி வால்வு இறுகினாலும் வரும், இன்ஜெக்டர் தேய்ந்து டீசலை அளவுக்கு மிஞ்சித் தாங்கிக்குத் திரும்புகிற ரிட்டேர்ன் லைனில் விட்டாலும் வரும். இதெல்லாம் பார்த்து முடிந்த பிறகுதான் பம்பில் கை வைக்க வேண்டும்.

"தம்பி, லைவ் டேற்றாவைப் போடுங்கோ. கொம்பியூட்டர் கேக்கிற அழுத்தம் எவ்வளவு, றெயிலிலை நிக்கிற அழுத்தம் எவ்வளவு, ரெண்டையும் சேர்த்துப் பாப்பம்" என்றேன். அந்த மெக்கானிக் ஸ்கானரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "அது உங்களுக்கு விளங்காது அண்ணை" என்றார். என்னுடைய வாகனம், என்னுடைய காசு, எனக்கு விளங்காதாம்! நான் விடவில்லை, பக்கத்திலேயே நின்றேன். வேண்டாவெறுப்பாகப் போட்டார். எஞ்சின் ஐடிலில் நிற்கிறது, திரையில் 32,000 சொச்சம். அதைக் கண்டதும் துள்ளி எழும்பினார்: "பாத்தீங்களே, முப்பத்திரெண்டாயிரம்! பிறஷர் கூடிப்போச்சு, குறைக்கோணும்." இப்போதுதானே அழுத்தம் காணாது என்று பம்பை மாற்றச் சொன்னவர்! அந்த எண் கிலோபஸ்கலில் இருக்கிறது. 32,000 கிலோபஸ்கல் என்றால் 320 பார். சூடான காமன் றெயில் (இந்தப் பொதுக் குழாய் வைத்த) எஞ்சின் ஐடிலில் 300 பார் அளவில் நிற்பதுதான் முறை, பாரத்தோடு அமத்தினால் ஆயிரத்தைத் தாண்டும். கொம்பியூட்டர் கேட்கிற எண்ணும் அதே 32,000 என்று பக்கத்திலேயே நிற்கிறது, அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஸ்பானரை எடுத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, றெயில் நுனியில் இருக்கிற லிமிற்றர் வால்வில் ஸ்பானரை வைத்து "இதைக் கொஞ்சம் இளக்கினா சரி அண்ணை" என்கிறார்! நான் கத்திக்கொண்டே ஓடிப்போய்த் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

அது திருகி அழுத்தம் வைக்கிற சாமான் இல்லை ஐயா. அழுத்தம் எல்லை மீறினால் திறந்து டீசலை ரிட்டேர்னுக்கு விடுகிற பாதுகாப்பு வால்வு. நாங்கள் டயருக்கு அடிக்கிறது 2 பார் சொச்சம்தான். 300 பாரில் ஊசிமுனை அளவுக்கு ஒழுகினாலும் அந்தத் தாரை தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், பிறகு சத்திரசிகிச்சைதான். பக்கத்தில் ஒரு சின்னப் பெடியன் ரோச் லைற் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்துக்கும் வால்வுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்காதது அதுக்குத்தான்.

திருகி வைத்த காலம் ஒன்று இருந்ததுதான். பழைய 2எல், 3எல் எஞ்சின் ஹைலக்ஸ்களுக்கு இன்ஜெக்டரைக் கழற்றி, டெஸ்ரரில் பூட்டி, மீற்றரைப் பார்த்துப் பார்த்துத்தான் ஷிம் போட்டு அழுத்தம் சரிசெய்வார்கள். யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்த மெக்கானிக்மார் இருந்த ஊர் இது, அவர்கள் ஒன்றையும் குருட்டுவாக்கில் திருகினவர்கள் இல்லை. காமன் றெயிலில் அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கொம்பியூட்டர், அதுவும் சென்சரைப் பார்த்து எஸ்சிவி போன்ற வால்வை இயக்கித்தான் செய்கிறது. சென்சர் வயரில் ஒரு பெட்டி பூட்டி அழுத்தம் கூட்டித் தாறம் என்று வருகிறவர்களையும் கிட்ட எடுக்காதேங்கோ, அது கொம்பியூட்டருக்குப் பொய் சொல்கிற வேலை.

சரி, வேறோர் இடத்தில் பாரத்தோடு ஓட்டிக்கொண்டே பார்த்தோம். கேட்டது 1,200 பார், வந்தது 700ஐத் தாண்டவில்லை. பில்ரரைக் கழற்றினால் கறுப்புச் சேறும் தண்ணீரும். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் பரலிலும் கானிலும் டீசல் சேர்த்து வைத்துப் பழகிவிட்டோம், அதிலே வேறென்ன இருக்கும்? புதுப் பில்ரர் போட்டதும் இரண்டு எண்ணும் ஒன்றையொன்று விடாமல் ஓடுகின்றன. ஒரு பில்ரர்! இதைப் பார்க்காமல் எத்தனை பேரை நகை அடைவு வைத்துப் பம்ப் வாங்க வைத்திருப்பார்கள்?