தொட்டியில் போட்டால் மட்டும் போதுமா?

தெருவைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்தான் நாட்டுப்பற்று தொடங்குகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, மறுக்கவில்லை. ஆனால் அது தனி மனிதரின் ஒழுக்கத்தோடு நின்றுவிட்டதுதான் குறை.

இத்தாலியில் 1970இல் பெரும்பாலான பகுதிகளில் வட்டார அரசுகள் அமைந்தன. அவற்றைச் சுமார் இருபது ஆண்டுகள் ஆராய்ந்தார் ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர். அலுவலகங்களுக்கு விசாரணைக் கடிதம் போட்டால் ஒழுங்கான பதில் வருகிறதா என்றுகூட அவருடைய குழு சோதித்துப் பார்த்தது! எங்கே மக்கள் பாட்டுக்குழு, கால்பந்து சங்கம் என்று கூடிப் பழகினார்களோ, அங்கே அரசும் நன்றாக நடந்தது என்பது அவர் கண்டது. அப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் இத்தாலியின் வடக்கில் இருந்ததால், வடக்கின் பணவசதியும் ஒரு காரணம்தானே என்று வாதிட்டவர்கள் உண்டு. இருந்தாலும், நாலு பேர் சேர்ந்து கேள்வி கேட்கும் இடத்தில் அதிகாரியால் தூங்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது.

குப்பையைத் தொட்டியில் போட நிறைய பேர் இருக்கிறார்கள். அந்தத் தொட்டி ஏன் மூன்று நாளாக நிரம்பி வழிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கத்தான் ஆள் இல்லை. நானே இரண்டு முறை வேலை இருக்கிறது என்று நழுவியிருக்கிறேன்.