ராத்திரிக்காவது நாயை உள்ளே எடுங்கள்

போன கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கொய்யா மரத்தடியில் சங்கிலி மட்டும் கிடந்தது. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை அதைக் கையில் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதுகொண்டு நின்றது. அன்றிலிருந்து இதை எழுதவேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

"காவலுக்குத்தானே வளக்குறோம், உள்ளுக்கு வச்சா என்னத்துக்கு?" என்று நம் ஆட்கள் கேட்பார்கள். டவுன்களில் அந்தப் பேச்சு சரியாக இருக்கலாம். நம் மலைக்குச் சரிவராது. பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் வேலியா இருக்கிறது? சிறுத்தை பெரும்பாலும் இருட்டில் இரை தேடுகிற மிருகம். மரையையும் பன்றியையும் துரத்திப் பிடிப்பதைவிட, மரத்தில் கட்டிக்கிடக்கிற நாய் அதற்கு எவ்வளவு இலகு! அவிழ்த்துவிட்ட நாயாவது ஓடிப் பார்க்கும். கட்டிப்போட்டது எங்கே ஓடும்? நம்மை நம்பித்தானே அது அங்கே கிடக்கிறது.

ஒருதரம் லேசாக இரை கிடைத்த இடத்துக்குச் சிறுத்தை திரும்பி வரும். பிறகு கொழுந்துக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் பயம். பயம் கூடினால் கம்பிச் சுருக்கு வைப்பதைப் பற்றிப் பேச்சு வரும். 2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்தில், சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை மறந்துவிட்டோமா? சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் அது பிழைக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதேன்.

குளிரையும் யோசியுங்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தை, மாசியில் விடியக்காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். குளிரைவிட ஈரம்தான் மோசம். ரோமம் நனைந்து தோல்வரை ஊறிவிட்டால் உடம்புச் சூடு நிற்காது. குட்டியும் கிழட்டு நாயும் தாங்காது.

"பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவில் ஆள் படுக்கவே எடமில்ல" என்பது நியாயமான பேச்சு. நானும் லயத்தில் பிறந்தவள்தான். அதனால் கட்டிலில் ஏற்றச் சொல்லவில்லை. எங்கள் நாய் கருப்பிக்கு அப்பா இஸ்தோப்பு (முன்திண்ணை) மூலையில், சீமெந்துத் தரையில் படாமல் நாலு கல் வைத்துப் பலகை போட்டு, மேலே சாக்கு விரித்தார். வாசலுக்குக் கம்பிவலை அடித்த கதவு. அவ்வளவுதான். "சாமிப் படம் இருக்கிற வீட்டுல நாயா?" என்று சண்டை பிடித்தது அம்மா. இப்போது மழை இருட்டினால், "கருப்பிய உள்ள கூப்புடு" என்று முதலில் சத்தம் போடுவதும் அம்மாதான்.

ஆனால் விசர்நாய்க்கடி ஊசி போடாத நாயைப் பிள்ளைகள் பக்கத்தில் விடாதீர்கள். அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. வருஷம் தவறாமல் போடுங்கள். சாயங்காலம் உள்ளே எடுக்குமுன் காது, விரலிடுக்கு எல்லாம் தடவி உண்ணி, அட்டை பாருங்கள். மூக்குக்குள்கூட அட்டை ஏறியிருக்கும்.

பகலில் அது வெளியில் ஓடட்டும். மலையில் பிறந்த நாயை நாளெல்லாம் அறையில் பூட்டி வைப்பதும் கொடுமைதான்.

அந்தப் பிள்ளைக்கு மாமா ஒரு குட்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாராம். கதவு அடிக்க எங்கள் வீட்டில் மிச்சப் பலகையும் வலையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.