அனா மெந்தியெத்தாவை அவருடைய சாவிலிருந்து தொடங்காதீர்கள்

கலைஞர் அனா மெந்தியெத்தாவைப் பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே 34ஆவது மாடி வந்துவிடுகிறது. 1985 செப்டம்பரில் நியூயார்க்கில் தன் வீட்டு ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார், வயது 36. கணவர் மீது வழக்கு நடந்தது, 1988இல் விடுதலையானார். அந்த மரணத்தைப் பற்றி இன்றும் கேள்வி கேட்கும் பெண்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மற்றவர்கள் அந்த இரவோடு நின்றுவிடுகிறார்கள். அது என்னால் தாங்க முடியாத அநியாயம்.

கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர். 1961இல், 12 வயதில், பெற்றோர் இல்லாமல் அக்காவோடு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். ஐயோவாவில் விடுதி, வளர்ப்பு வீடு என்று மாறி மாறி வளர்ந்தார். அம்மா வந்து சேர 1966 ஆனது, அப்பா வர 1979.

1972இல் மாணவியாக இருந்தபோது, நண்பர் ஒருவர் தாடியை வெட்ட வெட்ட, அந்த முடியை எடுத்துத் தன் முகத்தில் ஒட்டிக்கொண்டார். அந்தப் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். வேடம் போட்ட மாதிரியே இல்லை. இது ஆண் முகம், இது பெண் முகம் என்று நாம் அவ்வளவு உறுதியாகச் சொல்வது ஒரு கைப்பிடி முடியை நம்பித்தானா?

அடுத்த வருடம் மெக்சிகோவின் யாகுலில், சபோடெக் மக்களின் பழைய கல்லறைக்குள் படுத்தார். மேலே வெள்ளைப் பூக்கள், முகம் தெரியாது. சிலுவேட்டா, அதாவது நிழலுரு, என்று அவர் பெயரிட்ட படைப்பு வரிசை அங்கேதான் தொடங்கியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் உடலே படத்திலிருந்து போய்விடுகிறது. ஆள் உயரத்துக்கு மண்ணில் ஒரு பள்ளம் மட்டும் இருக்கும். சிலதில் பூ, சிலதில் வெடிமருந்து வைத்து எரித்த தடம். 1976இல் கடற்கரையில் ஒன்று செய்தார்: பள்ளம் முழுக்கச் சிவப்புத் தூள். அலை ஏறி ஏறி வந்து அதைக் கரைத்துக்கொண்டு போகும்.

தாய்நாட்டை இழந்த ஏக்கம் என்று இதற்கு எளிதாகப் பெயர் வைத்துவிடுகிறோம். ஏக்கம் இருந்தது, அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. பெண்ணுடலை வெறித்துப் பார்த்தே பழகிய கண்களுக்கு முன்னால் அவர் உடலை எடுத்துவிட்டார். இடம் மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. அப்படி விலக்கி வைத்த உடலைத்தான் நாம் கீழே விழுந்த உடலாக மட்டும் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

பெண்ணியவாதிகளிடமும் அவர் சும்மா தலையாட்டவில்லை. அமெரிக்கப் பெண்ணியம் வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் இயக்கமாகவே இருக்கிறது என்று 1980இல் பெண்களே நடத்திய ஏ.ஐ.ஆர். கேலரியின் கண்காட்சிக் கையேட்டிலேயே எழுதினார். மறு வருடம் கியூபாவில், ஹாரூக்கோவின் சுண்ணாம்புக்கல் குகைகளில் பெண்ணுருவங்களைச் செதுக்கி, தாயினோ பழங்குடியினரின் தெய்வப் பெயர்களைச் சூட்டினார்.

அவரைப் பற்றி எழுதப் போகிறவர்களே, அந்தக் குகையிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் அந்தத் தாடியிலிருந்து.