பேயை முதலில் பேயாக இருக்க விடுங்கள்

இப்போதெல்லாம் ஒரு திகில் கதையை எடுத்தால் பாதியிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. காட்டில் அலைந்தது பேய் இல்லையாம், நாயகியின் துக்கமாம். கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிட்டது பூதம் இல்லையாம், அவளுடைய குற்ற உணர்ச்சியாம். கடைசியில் அவள் வாய்விட்டு அழுவாள், பூதம் கரைந்துபோகும். அழுதால் போய்விடுகிற பூதத்துக்கு எதற்கு முந்நூறு பக்கம்?

துக்கத்தைத் தொடும் இருண்ட மாயக் கதைகள் எனக்கு ரொம்பப் பிடித்த வகை. அந்த உரிமையில்தான் இந்தப் புலம்பல்.

பறிகொடுத்தவர் மனதில் ஓடுவது ஒரே ஆசை: போனவர் திரும்பி வர வேண்டும். யதார்த்தக் கதை அந்த ஆசைக்கு ஆறுதல் சொல்லும், அவ்வளவுதான். மாயக் கதையோ "சரி, வரட்டும்" என்று சொல்லிவிட்டு, வந்தால் என்ன ஆகும் என்று கடைசிவரை பார்க்கும். இந்த வகையின் பலமே அதுதான்.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய 'குரங்கின் பாதம்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வரம் தரும் காய்ந்த குரங்குப் பாதத்திடம் அப்பா 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள், மகன் இயந்திரத்தில் சிக்கிச் செத்துவிட்டதாகச் சேதி வருகிறது. நிறுவனம் தரும் தொகை சரியாக 200 பவுண்டு. அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, நடுராத்திரியில் அம்மாவுக்குப் பொறி தட்டுகிறது: இன்னும் இரண்டு வரம் பாக்கி இருக்கிறதே! மகன் உயிரோடு வர வேண்டுமென்று கணவரை வற்புறுத்திக் கேட்க வைக்கிறாள். கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

மேல் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். அதே நேரம் அப்பா தரையில் தவழ்ந்து இருட்டில் பாதத்தைத் துழாவுகிறார். மகனின் சிதைந்த உடலைப் பார்த்தவர் அவர். உடுப்பை வைத்துத்தான் அடையாளம் காட்ட முடிந்தது. அவளுக்கோ வந்திருப்பது தன் பிள்ளை, வேறொன்றும் கணக்கில்லை. தாழ்ப்பாள் விலகும் நேரத்தில் அவர் கடைசி வரத்தைக் கேட்டுவிடுகிறார். வாசலில் யாரும் இல்லை.

வெளியே நின்றது எப்படி இருந்தது என்று ஜேக்கப்ஸ் ஒரு வரி எழுதவில்லை. எதன் குறியீடு என்று விளக்கவும் இல்லை. ஒரே சாவுக்கு ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாக உடைவதை அந்தத் தாழ்ப்பாளைவிட நன்றாக எந்த உளவியல் விளக்கமும் எனக்குக் காட்டியதில்லை.

மேரி ஷெல்லியின் குறைமாதப் பெண் குழந்தை 1815-இல் பிறந்து சில நாட்களிலேயே இறந்துபோனது. அந்த மார்ச் மாதம் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதியிருக்கிறார்: குழந்தை சாகவில்லை, குளிரில்தான் விறைத்துக் கிடந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்டது. விழித்தால் குழந்தை இல்லை. 1818-இல் அவர் எழுதிய 'ஃபிராங்கென்ஸ்டைன்' நாவல் வெளிவந்தது; உயிரற்ற உடலுக்கு உயிர் கொடுக்கும் ஒருவனின் கதை. கனவுதான் நாவலானது என்று அடித்துச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் உயிர் கொடுத்தவனே தன் படைப்பைப் பார்த்துப் பயந்து ஓடும் இடத்தைப் படிக்கும்போது இந்தக் கனவு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அமெரிக்க அடிமை முறையைப் பற்றிய டோனி மாரிசனின் 'பிலவட்' (1987) நாவல் இன்னும் கடினமானது. பிள்ளை மறுபடி அடிமையாகக் கூடாதென்று தாயே தன் கையால் கொன்றுவிடுகிறாள். 1856-இல் மார்கரெட் கார்னர் என்ற பெண்ணின் வாழ்வில் உண்மையாகவே நடந்தது இது. நாவலில் அந்த மகள் வளர்ந்த பெண்ணாக வீடு தேடி வருகிறாள். இனிப்பு கேட்கிறாள், கதை கேட்கிறாள், கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அம்மா மெலிந்து சுருங்க, மகள் பெருத்துக்கொண்டே போகிறாள். அவள் குறியீடும்தான், யார் மறுத்தார்கள்? ஆனால் முதலில் அவளுக்குப் பசிக்கிறது.

'தி பாபடூக்' (2014) படம் துக்கமே பூதம் என்று கிட்டத்தட்ட வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனாலும் அதை மன்னித்துவிடுவேன். முடிவில் பூதம் சாகாது. நிலவறையில் கிடக்கும், அம்மா கிண்ணத்தில் மண்புழு எடுத்துப்போய் வைப்பாள்.

நொந்திருக்கும்போது இதையெல்லாம் ஏன் படிக்கிறாய் என்று கேட்கிறார்கள். இது மருந்து என்று நான் சொல்லவில்லை. தாங்க முடியாதவர்கள் மூடி வைக்கட்டும், அதில் தப்பே இல்லை. முன்பக்கத்தில் 'குழந்தை மரணம் வருகிறது' என்று எச்சரிக்கை போடுவதையும் கிண்டல் செய்யமாட்டேன். எனக்கு மட்டும், காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று முதுகில் தட்டிக்கொடுக்கும் கதைகளைவிட இவை நேர்மையாகப் படுகின்றன.

எனக்கு ஆகவே ஆகாதது வேறொன்று. நாயகனுக்கு ஆழம் வேண்டுமென்று முதல் அத்தியாயத்திலேயே அவன் பிள்ளையைக் கொன்றுவிடுவார்கள். அப்புறம் வாள், மந்திரம், சபிக்கப்பட்ட நகரம் என்று கதை பிய்த்துக்கொண்டு ஓடும். செத்த பிள்ளை எதற்கு அடம்பிடிக்கும், எந்த வார்த்தையைத் தப்பாகச் சொல்லும் என்று ஒரு வரி இருக்காது. சில சமயம் பெயர்கூட இருக்காது. அந்தப் பிள்ளையை ஒரு பக்கமாவது உயிரோடு ஓடியாட விட்டிருந்தால், பிறகு அது பேயாக வந்து நிற்கும்போது கதவைத் திறப்பதா வேண்டாமா என்று நானும் தவித்திருப்பேன்.