முசத்திலால் ஏமாளி இல்லை

முசத்திலாலை ஏமாளி என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பழைய டிவி தொடர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. பக்கத்தில் இருந்தவர் முசத்திலால் நாயகனாக வரும் 'ஆபீஸ் ஆபீஸ்' பெயரை எடுத்தார். "அந்த ஆளு பாவம்ங்க, சுத்த ஏமாளி. பார்த்தாலே சிரிப்பு வரும்" என்றார். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காக: 2001-ல் சப் டிவியில் வந்த ஹிந்தித் தொடர் அது. எழுதியவர் அஷ்வினி தீர், இயக்கியவர் ராஜீவ் மெஹ்ரா. முசத்திலாலாக நடித்தவர் பங்கஜ் கபூர். கதை எல்லா வாரமும் ஒன்றுதான். சாதாரண மனுஷன் ஒருத்தர், அவருக்கு ஆகவேண்டிய சின்ன வேலை, அதை முடித்துத் தரவேண்டிய ஓர் ஆபீஸ். ஒரு வாரம் மின்சார ஆபீஸ், இன்னொரு வாரம் ஆஸ்பத்திரி, வேறொரு வாரம் போலீஸ் ஸ்டேஷன். ஆனால் எங்கே போனாலும் உள்ளே உட்கார்ந்திருப்பது அதே ஐந்து பேர்: படேல், பாட்டியா, சுக்லா, பாண்டேஜி, உஷாஜி. பெயர்ப்பலகை மாறும், மேஜை மாறும், ஆட்கள் மட்டும் மாறவே மாட்டார்கள். நாலு ஆபீஸ் படியேறிய யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. தொடரை எழுதியவர்களின் ஆகப்பெரிய யோசனை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

தேவன் போஜானி நடித்த படேல், எதைக் கேட்டாலும் "இதுல ரெண்டு விஷயம் இருக்கலாம்" என்று ஆரம்பிப்பார். முதல் விஷயத்துக்குள் இரண்டு விஷயம், அதில் ஒன்றுக்குள் இன்னும் இரண்டு. கிளை பிரிந்து பிரிந்து போய், கேட்க வந்த கேள்வியே காணாமல் போய்விடும். பாட்டியாவுக்கு சமோசா இருந்தால்தான் கை ஓடும். சுக்லாவின் வாயில் எப்போதும் பான். உஷாஜி எதற்கும் "வோஹி தோ" என்பார். அதைத்தானே நானும் சொல்றேன் என்கிற மாதிரி. ஐந்து பேருமே அபாரமான நடிகர்கள், சிரிப்பு அவர்களால்தான் வரும். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் படேல் பேசும்போது நீங்கள் படேலைப் பார்க்காமல் முசத்திலாலின் முகத்தைப் பாருங்கள். அவர் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருப்பார். அந்த இரண்டு விஷயத்தில் தன்னுடையது எதில் வரும் என்று மனசுக்குள் கணக்குப் போடுவார். தலையை லேசாக ஆட்டுவார், வார்த்தையைத் தேடுவார், "அப்படின்னா..." என்று தயங்கித் தயங்கி மறுபடியும் முதலிலிருந்து கேட்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் வேலையைச் செய்வதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் நம்புகிறார். ஒரு குடிமகன் நம்பவேண்டியதும் அதைத்தானே? அந்த நம்பிக்கைக்கு ஏமாளித்தனம் என்று பெயர் வைத்தால், சமோசா கேட்கிற பாட்டியாவைச் சமர்த்து என்று சொல்லிக்கொடுக்கிறோம் என்று அர்த்தம். அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பங்கஜ் கபூரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1985-ல் தூர்தர்ஷனில் கேரட்டைக் கடித்துக்கொண்டு துப்பறிந்த கரம்சந்த் இவர்தான். எவரையும் மட்டம்தட்டிப் பேசும் ஆள் கரம்சந்த். முசத்திலால் வந்த சில வருஷத்திலேயே 'மக்பூல்' படத்தில் அப்பாஜி என்ற மும்பை தாதாவாக வந்து தேசிய விருது வாங்கினார். அப்பாஜியும் குரலை உயர்த்தமாட்டார், முசத்திலாலும் உயர்த்தமாட்டார். அங்கே அந்த மெல்லிய குரலுக்கு ஊரே நடுங்கும். இங்கே அதே மெல்லிய குரலை ஒரு குமாஸ்தாகூடக் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அதிகாரம் என்பது தொண்டையில் இல்லை, உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் இருக்கிறது என்று புரியும்.

2011-ல் இதையே படமாக எடுத்தார்கள். பென்ஷன் ஆபீஸ் பதிவேட்டில் முசத்திலால் இறந்துபோனவர், உயிரோடு இருப்பதை அவரே நிரூபிக்கவேண்டும் என்பது கதை. தொடருக்கு ஈடாக அதை நான் வைக்கமாட்டேன், ஆனாலும் கதையை மிகை என்று தள்ளமுடியாது. உத்தரப் பிரதேசத்தில் ஆசம்கர் பக்கத்து விவசாயி லால் பிகாரி, 1975-ல் கடன் கேட்டுப் போனபோதுதான் அரசாங்கக் காகிதத்தில் தான் செத்துவிட்டதாக இருப்பதைத் தெரிந்துகொண்டார். நிலத்துக்காகச் சொந்தக்காரர்களே செய்த வேலை. உயிரோடு இருப்பதாக எழுதி வாங்க 1994 வரை ஆனது. நடுவில் தன் பெயரோடு 'மிருதக்', அதாவது இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டார். ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில்கூட நின்றார். பத்தொன்பது வருஷம் அலைந்த அந்த மனுஷனை ஏமாளி என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

எனக்கு இதெல்லாம் புரிந்தது மும்பை செம்பூரில். 2002-ல் பேச்சிலர்கள் நாங்கள் நாலு பேர் ஒரு ரூமில் இருந்தோம். டிவி பக்கத்து வீட்டு மாமாவிடம். கம்பெனிக் கணக்கராக இருந்து ரிடையர் ஆனவர். ஓர் ஆபீஸிலிருந்து அவருக்கு வரவேண்டிய பணம் இழுத்துக்கொண்டே போனது. போகிற ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ஜெராக்ஸ் கேட்பார்கள். எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, கிளிப் போட்டு, மஞ்சப்பையில் வைத்திருப்பார். பை எப்போதும் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே தொங்கும்.

'ஆபீஸ் ஆபீஸ்' வந்தால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். மாமி டீ கொண்டுவந்து வைத்தது ஆறிப்போகும். ஒரு நாள் முசத்திலால் கவுண்டரில் தன் காகிதங்களை வெளியே எடுத்தபோது, மாமாவின் கை தானாக எழுந்து அந்த மஞ்சப்பையைத் தொட்டுப் பார்த்தது. நாங்கள் பார்த்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியாது. சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

முடிந்ததும் நான்தான் கேட்டேன், "ஏன் மாமா, இந்த ஆளு எதுக்கு மறுபடி மறுபடி போறான்? விட்டுத் தொலைக்கலாமில்ல?"

"அவன் பணம்டா அது. அவன் வேலை. அவன் போகாம வேற யாரு போவா?"

மறுநாள் காலை எட்டரைக்கு செம்பூர் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். தோளில் மஞ்சப்பை. ராத்திரி நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது மாமி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அதே வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல்.