வடகொரிய மலைகள் மொட்டையானது குளிராலா?

"வடகொரிய மலைகளில் மரமில்லாததற்குக் கடுங்குளிரும் பாறை நிலமுமே காரணம், தென்கொரிய மலைகள் இயற்கையாகவே பசுமையானவை" என்ற குறிப்புடன் ஒரு செயற்கைக்கோள் படம் பகிரப்பட்டு வருகிறது. இது தவறு. வடக்கிலேயே மிகக் குளிரான பெக்டு மலைச்சரிவுகளில் இன்றும் அடர்ந்த காடு நிற்கிறது. மொட்டையாகிக் கிடப்பவை பெரும்பாலும் மக்கள் நெருங்கி வாழும் மேற்குப் பகுதிக் குன்றுகள்தாம்.

தென்கொரிய மலைகளும் 1953-இல் கொரியப் போர் நின்றபோது பெருமளவு மொட்டையாகவே இருந்தன. தரைக்கு அடியில் புகை செல்லும் வழி அமைத்து, அடுப்பு நெருப்பால் வீட்டுத் தரையையே சூடாக்கும் ஒண்டோல் முறைக்கு ஒவ்வொரு குளிர்காலமும் விறகு வேண்டியிருந்தது. விறகின் இடத்தைத் துளையிட்ட நிலக்கரிக் கட்டிகள் பிடித்த பிறகுதான் நட்ட கன்றுகள் தப்பின (மரம் நடும் விழாக்களை மட்டும் புகழ்வோர் இதை மறந்துவிடுகிறார்கள்). 1973-இல் அதிபர் பார்க் சுங்-ஹீயின் அரசு தொடங்கிய பத்தாண்டுக் காடு வளர்ப்புத் திட்டம் 1978-இலேயே இலக்கை எட்டியது. இன்று அந்நாட்டு நிலப்பரப்பில் 60 விழுக்காட்டுக்கு மேல் காடு.

வடக்கில் நடந்தது நேர்மாறு. 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதைந்து மலிவு எண்ணெய் வரவு நின்றதும், உரமும் மின்சாரமும் குறைந்து, பசியில் வாடிய மக்கள் விறகுக்காக மரங்களை வெட்டியதோடு செங்குத்தான சரிவுகளையும் திருத்தி மக்காச்சோளம் விதைத்தனர். வேர்ப்பிடிப்பு இழந்த மண் 1995-இன் பெருவெள்ளத்தில் கீழுள்ள வயல்களை மூடியது. இந்தப் பாதிப்பு வடக்கோடு நிற்பதில்லை: வடக்கே தோன்றித் தெற்கே பாயும் இம்ஜின் ஆற்றின் வெள்ளத்தை இரு கொரியாக்களையும் பிரிக்கும் 4 கிலோமீட்டர் அகல எல்லை வலயமும் தடுப்பதில்லை.